பூங்காவில் ஓராண்டு: பறவை நோக்கும் பாடம்

“பறவைகளைப் பார்க்க எங்கே செல்வது?” என்று வினவுவோர் பெரும்பாலும் வேடந்தாங்கலையும் கோடியக்கரையையும் மனத்திற் கொண்டே வினவுகின்றனர். ஆண்டிற்கு ஒருமுறை வண்டி அமர்த்தி, கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு சென்று, ஏரி நிறைய அமர்ந்திருக்கும் பறவைக் கூட்டத்தைக் கண்டு திரும்பினால் மனம் நிறைவெய்துகிறது. அது நன்றே. ஆயினும் அது திருவிழாக் காண்பதை ஒக்கும்; பள்ளிக்குச் செல்வதை ஒவ்வாது. திருவிழா மகிழ்ச்சி தரும். தவறாது செல்லும் பள்ளியே கல்வி தரும்.

வீட்டிற்கு அருகிலுள்ள சிறு பூங்காவிற்கு, அதே பத்துப் பேர், மாதம் இருமுறை, ஆறு பருவமும் சென்று நடந்து வருவார்களாயின் அஃது ஒரு முழுப் பாடத்திட்டம் ஆகும். சென்னையின் தென்பகுதிப் பூங்காக்களில் சிறுவரும் முதியவருமாகப் பல ஆண்டுகள் நடந்து பெற்ற பட்டறிவை இங்கே பாடமாக வகுத்துத் தருகின்றோம். பாடத்தின் முடிபை முதலிலேயே கூறிவிடுவோம். பார்ப்பதும் ஒரு செயல். ஏனைய செயல்களைப் போல அதுவும் தீங்கு செய்ய வல்லது. ஆதலின் தீங்கின்றிப் பார்க்கக் கற்பதே இப்பாடத்தின் பயன். இதனை நாம் நூலில் படித்து அறியவில்லை. ஒரு பிழை செய்து அறிந்தோம். அப்பிழையை உரிய இடத்தில் கூறுவோம்.

ஆயத்தம்

குழுவில் எட்டுப் பேருக்குக் குறையாமலும் பன்னிருவருக்கு மிகாமலும் இருத்தல் நலம். மிகுந்தால், பின்னால் வருவோர்க்குப் பறந்துபோன பறவையின் கதையே மிஞ்சும். சிறுவரும் முதியவரும் கலந்திருக்க வேண்டும். எழுபதைக் கடந்த நம் செவிக்குத் தேன்சிட்டின் கூரிய மெல்லொலி எட்டுவதில்லை. எட்டு வயதுச் சிறுமியின் செவிக்கு அது முதலில் எட்டும். அவள் திசை காட்டுவாள். நாம் பெயர் கூறுவோம். இவ்வாறு ஒருவர் குறையை மற்றவர் நிரப்புவதே குழுவாகச் செல்வதன் முதற்பயன்.

ஒருவர் வழிகாட்டுபவர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் எவரும் பின்தங்காமல் கடைசியில் வருபவர். இப்பொறுப்புகள் நடைக்கு நடை மாற வேண்டும். எழுதும் பொறுப்பைச் சிறுவர்க்கே அளித்தல் சிறப்பு. எழுத வேண்டும் என்ற கடமையுள்ள பிள்ளை தானாகவே உற்று நோக்கும்.

இருகண் தொலைநோக்கி மூவருக்கு ஒன்று போதும். அதன்மேல் 8, 40 என்பன போன்ற இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் அது பொருளை எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பதையும், இரண்டாம் எண் முன்புறக் கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். மடங்கு மிகுந்தால் கையின் நடுக்கமும் மிகுந்து தோன்றும். ஆதலின் நம் போன்றோர்க்கு ஏழோ எட்டோ போதுமானது. தொலைநோக்கி இல்லையெனினும் வருந்த வேண்டா. முதல் மூன்று நடைகளை அஃதின்றியே நடப்பது கண்ணையும் செவியையும் பழக்கும்.

ஞாயிறு தோன்றிய பின் முதல் இரண்டு மணி நேரமே ஏற்ற பொழுது. பளிச்சிடும் ஆடையைத் தவிர்க்க. தின்பண்டப் பொட்டலங்களைப் பூங்காவினுள் பிரியாதிருக்க. சிந்தும் துணுக்கைத் தேடிக் காக்கைகள் கூடுமாயின் சிறு பறவைகள் ஒளிந்துகொள்ளும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதல் நெறி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. பறவைப் பாடத்திற்கும் அதுவே நெறி. சிட்டுக்குருவி, மைனா, காக்கை ஆகிய மூன்றையும் அறியாத பிள்ளை இல்லை. இவற்றின் நீளம் முறையே ஏறத்தாழ 15, 24, 42 சென்டிமீட்டர். இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு, புதிய பறவையைக் கண்டவுடன் “குருவியினும் பெரிதா? மைனாவினும் சிறிதா?” என்று கேட்கப் பழக்குக.

அளவுக்குப் பின் அலகு. தானியம் உடைக்கும் சிட்டுக்குருவியின் அலகு குட்டையாய்த் தடித்திருக்கும். தேன்சிட்டின் அலகு வளைந்து பூவின் ஆழத்திற்குச் செல்லும். கொக்கின் அலகு ஈட்டி போலிருக்கும். அலகைக் கண்டால் உணவை உய்த்துணரலாம். அதன்பின் இருக்குமிடம், நடத்தை, குரல் ஆகியவற்றை நோக்குக. நிறத்தைக் கடைசியாகக் கேட்க வேண்டும். ஏனெனில் நிறம் வெளிச்சத்திற்கேற்ப மாறித் தோன்றும். சில வேளைகளில் ஏமாற்றவும் செய்யும்.

குயிலே இதற்குச் சான்று. கருநிறமும் செந்நிறக் கண்ணும் உடையது ஆண். பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் நிறைந்தது பெண். நம் குழுவில் முதலாண்டுக் குறிப்பேட்டில் இவை இரண்டும் இரு வேறு பறவைகளாகவே எழுதப்பட்டன. மற்றொன்று: கூவுவது பெண்குயில் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஏறுமுகமாய்க் கூவுவது ஆண். பெண்ணின் ஒலி ‘கிக் கிக்’ என்ற வெட்டொலி. பாட்டில் கேட்டதைப் பூங்காவில் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இவ்வாறு கிட்டுகிறது.

இனி, நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களின் வழியே நடப்போம்.

கார் (ஆவணி, புரட்டாசி)

நடைக்கு இதுவே ஆண்டுத் தொடக்கம். வடக்கே குளிர் தொடங்குமுன் புறப்பட்ட பறவைகள் வரத் தொடங்கும் காலம் இது. பள்ளிக்கரணைச் சதுப்பில் உள்ளான்கள் இறங்கும். புரட்டாசியில் தகைவிலான்கள் மின்கம்பிகளில் வரிசையாய் அமரும். பூங்காவின் நீரோடையருகே வாலை மேலும் கீழும் ஆட்டியபடி நடக்கும் சாம்பல் வாலாட்டி இமயச் சாரலிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வந்தது என்று கூறும்போது சிறுவர் வியப்பர்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் உள்ளோர்க்குப் பூங்கா இல்லையே என்ற குறை வேண்டா. ஏரிக்கரையும் கோயில் தோப்பும் கிணற்றுமேட்டுப் பனையுமே அவர்களுடைய பூங்கா. மழைக்காலத்தில் பனையோலையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டைத் தொலைவில் நின்று நோக்குக. நெய்வது ஆண். கூடு பாதியளவு முடிந்ததும் பெண் வந்து ஆராயும். அது ஏற்ற பின்னரே ஆண் எஞ்சிய பகுதியையும் நுழைவழியையும் நெய்து முடிக்கும். ஏற்கப்படாத அரைக்கூடுகள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

மழையில் நனைந்த புல்வெளியில் குழு இறங்கலாகாது. ஈரமண்ணில் சிற்றுயிர்கள் மிகும். நம் துறவியர் மழைக்காலத்தில் நடையை நிறுத்தி ஓரிடத்தில் தங்குவது இவை மிதிபடாமைக்காகவே அன்றோ? இல்லறத்தார் நாம் நடையை நிறுத்தாவிடினும் நடைபாதையை விட்டு விலகாதிருக்கலாம்.

கூதிர் (ஐப்பசி, கார்த்திகை)

வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலம். பல நடைகள் மழையால் நின்றுபோகும். ஆயினும் ஆண்டின் அரிய விருந்தினர் வருவது இப்பருவத்திலேதான். ஆறுமணிக்குருவி என்னும் தோட்டக்கள்ளன் இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து தெற்கே வருகிறது. பச்சை முதுகு, நீலம் மின்னும் இறகு, கண்ணின்மேல் கரும்பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு என வண்ணங்கள் பல கொண்டது; ஆயினும் சருகில் நின்றுவிட்டால் கண்ணுக்குப் புலப்படாது. விடியலிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறு மணிக்கு இரட்டைச் சீழ்க்கை ஒலிப்பதால் இப்பெயர் பெற்றது.

நெடும்பயணத்தில் களைத்து, நகரின் விளக்கொளியில் வழி தடுமாறி, கண்ணாடிச் சன்னலில் மோதி இது வீட்டுத் தாழ்வாரங்களில் விழுவதுண்டு. அந்நிலையில் காக்கைகள் அதனைச் சூழ்ந்துகொள்ளும். அப்போது செய்ய வேண்டுவதைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருத்தல் நன்று. மெல்லிய துணியால் பற்றி, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருண்ட அமைதியான இடத்தில் விடுக. வாயில் நீர் ஊற்றுதலும் உணவு திணித்தலும் கூடா. இரக்கத்தால் ஊற்றிய நீர் மூச்சுக்குழலிற் சென்று உயிரைப் போக்கிவிடும். சில மணி நேரத்தில் தெளிவுற்றதாயின் அந்திப்பொழுதில் புதரோரம் திறந்துவிடுக. சிறகோ காலோ முறிந்திருப்பின் வனத்துறையினர்க்குத் தெரிவிக்க.

மரங்கள் அடர்ந்த பூங்காக்களில் கொடிக்கால் வாலாட்டியும் இப்பருவத்திலேயே தோன்றும். ஏனைய வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் பின்னுடலைப் பக்கவாட்டில் அசைக்கும். இவ்வேறுபாட்டைத் தானே கண்டு கூறும் பிள்ளைக்கு உற்றுநோக்கல் கைவந்துவிட்டது எனலாம்.

முன்பனி (மார்கழி, தை)

வானம் தெளிந்து, வந்தவை எல்லாம் நிலைகொண்டிருக்கும் பருவம். ஆண்டின் நீளமான பட்டியல் இப்போதே அமையும். அரசவால் ஈப்பிடிப்பானின் வெண்ணாடா போன்ற வாலும், மாங்குயிலின் பொன்மஞ்சளும் கிண்டியிலும் அடையாற்றங்கரைத் தோப்புகளிலும் காணக்கூடியவை. அழகில்லாத ஒன்றையும் தேடிக் கேட்க. புதருக்குள்ளிருந்து ‘டக், டக்’ என நாவைத் தட்டியது போன்ற ஒலி வருமாயின் அது நாணல் கதிர்குருவி. பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள அவ்வுயிர் நடு ஆசியா போன்ற தொலைநிலங்களிலிருந்து வந்து, நம் பூங்காவின் ஒரு புதரைத் தன் குளிர்காலத்து இல்லமாகக் கொள்கிறது. “அழகுபடுத்துதல்” என்று அப்புதரை வெட்டிப் புல்தரை ஆக்கும்போது எதனை வெட்டுகிறோம் என்பது வெட்டுவோர்க்குத் தெரிவதில்லை. நடந்து பார்த்தோர்க்கு மட்டுமே தெரியும்.

ஆண்டிற்கு ஒருமுறை வெளியூர்ச் செலவு வேண்டுவோர் இப்பருவத்தில் வேடந்தாங்கல் செல்க. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் முதலியன அங்கே மரங்களிற் கூடமைத்திருக்கும். அவ்வூர் மக்களின் வரலாறும் ஒரு பாடமே. படைவீரர் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து அவர்கள் முறையிட, 1798ஆம் ஆண்டு செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்குக் கவுலாக எழுதிக் கொடுத்தார். 1858இல் அது மீளவும் உறுதி செய்யப்பட்டது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவ்வுழவர் அறிந்திருந்தனர். 2022இல் வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை ஆகிய மூன்றும் ராம்சர் உடன்படிக்கையின்படி பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே அச்சிறப்பை உணர்ந்தவர் அவ்வூரார்.

பின்பனி (மாசி, பங்குனி)

இலையுதிர்த்த கல்யாண முருங்கை செந்நிறப் பூக்களுடன் நிற்கும். அம்மரத்தடியில் அரைமணி நேரம் அமர்ந்திருத்தலே இப்பருவத்து நடை. மைனா, கரிச்சான், தேன்சிட்டு, காக்கை எனப் பலவும் தேனுண்ண வரும். இளஞ்சிவப்பு உடலும் கருந்தலையும் கொண்ட சூறைக்குருவிகள் கூட்டமாய் இறங்கும். நடு ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளிகளை உண்டு வாழும் இவை நம்மிடம் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பங்குனி முடிவில் ஒவ்வொன்றாய்ப் பிரியும். சென்ற நடையில் இருந்தது இந்நடையில் இல்லை என்பதையும் குறிப்பேட்டில் எழுதுக. இல்லாமையைப் பதிதல் இருப்பைப் பதிதலினும் கடினம். பயனோ அதற்கு இணையானது.

இளவேனில் (சித்திரை, வைகாசி)

விருந்தினர் சென்றபின் பூங்கா வெறுமையாகும் என்று எண்ணி நடையை நிறுத்துவோர் உளர். அது தவறு. இப்போதுதான் நம் ஊர்ப் பறவைகளின் இல்வாழ்க்கை தொடங்குகிறது. கன்னார் பாத்திரம் தட்டுவது போல ‘டொக், டொக்’ என்று வெயிலில் இடைவிடாது ஒலிப்பது செம்மார்புக் குக்குறுவான். பச்சை உடலும் நெற்றியிலும் மார்பிலும் சிவப்பும் உடைய இது பட்டுப்போன கிளையைக் குடைந்து கூடமைக்கும். பட்டகிளை என்று நாம் வெட்டி எறிவது அதற்கு வீடு. நடைபாதைமேல் விழக்கூடிய கிளையை வெட்டத்தான் வேண்டும். மூலையில் எவர் தலைமீதும் விழாத கிளையை விட்டுவைக்குமாறு பூங்காப் பொறுப்பாளரிடம் பணிவுடன் கேட்கலாம். நம் குழு இருமுறை கேட்டது. ஒருமுறை பயன் கிட்டியது.

காக்கை கூடு கட்டும் காலமும் இதுவே. குயில் அக்கூட்டில் முட்டையிடும் காலமும் இதுவே. ஆண்குயில் காக்கையின் கண்ணிற் படும்படி சென்று துரத்தலுக்கு ஆளாக, பெண் அந்த இடைவெளியில் முட்டையிடுவதுண்டு என்பர். “குயில் கெட்டதா?” என்று சிறுவர் கேட்பர். அதற்கு நன்மை தீமை என்று தீர்ப்புக் கூறாது, “இவ்வாறு வாழ்கிறது” என்று மட்டும் கூறுக. தெரிந்து தேர்ந்து செய்யும் ஆற்றல் பெற்றவர் நாமே. ஆதலின் கணக்கும் நமக்கே.

முதுவேனில் (ஆனி, ஆடி)

இக்கணக்கை நாம் உணர்ந்தது ஓர் ஆடி மாதத்தில். இடுப்புயரச் செடி ஒன்றில் தையல்சிட்டின் கூடு இருப்பதை ஒரு சிறுவன் கண்டான். அகன்ற இலை இரண்டின் விளிம்புகளைத் துளையிட்டு, பஞ்சு நூலாலும் சிலந்தி இழையாலும் தைத்து, உள்ளே பஞ்சு மெத்தையிட்டு அமைக்கும் அக்கூட்டைப் பாடநூற் படத்தில் மட்டுமே கண்டிருந்த பிள்ளைகள் ஆரவாரித்தனர். பொறுப்பாளராயிருந்த நாமே விரலால் மேலிலையை விலக்கினோம். மூன்று முட்டைகள். எட்டுப் பிள்ளைகளும் வரிசையில் வந்து எட்டிப் பார்த்தனர். தாய்ப்பறவை அருகிலிருந்த கிளையில் தாவித் தாவிக் கத்தியது. “பயப்படுகிறது, சீக்கிரம் பாருங்கள்” என்று கூறினோமேயன்றி, விலகுங்கள் என்று கூறவில்லை. விளக்குக் கம்பத்தில் ஒரு காக்கை அமர்ந்திருந்தது. அதனைக் கண்டும் கருதாதிருந்தோம்.

அடுத்த நடையில் இலை கிழிந்து பஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. முட்டைகள் இல்லை. ஒரு சிறுமி, “நாம் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தக் கூடு இருந்திருக்குமா, டீச்சர்?” என்று கேட்டாள். நாற்பதாண்டுக் காலம் வகுப்பறையில் வினாக்களுக்கு விடை கூறிப் பழகிய நமக்கு அன்று விடை வரவில்லை. காக்கை தானாகவே கண்டிருக்கவும் கூடும். ஆயினும் எட்டுத் தலைகள் ஒரு செடியின்மேல் குனிந்து அவ்விடத்தைச் சுட்டிக்காட்டின என்பதும், தாய் முட்டைகளை விட்டு விலகி நின்ற நேரம் நம்மால் நீண்டது என்பதும் உண்மை. கொல்ல வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் இல்லை, அன்பினாலேயே பார்த்தோம். ஆயினும் விழிப்பின்மையால் விளையும் கேடும் இம்சையே என்று நம் அறநூல்கள் கூறுவதை அன்று பூங்காவில் நின்று பொருள் உணர்ந்தோம்.

குழுவின் ஒழுங்குகள்

அதன்பின் நம் குழு வகுத்துக்கொண்ட ஒழுங்குகள் இவை:

1. நடக்கும்போது நிலத்தைப் பார். மரத்தைப் பார்க்க வேண்டின் நின்று பார். நுகத்தடி அளவு முன்னே நோக்கி நடத்தல் துறவியர்க்குரிய ஈரியா சமிதி. பறவை நோக்குவோர்க்கும் இது இன்றியமையாதது. ஏனெனில் கண் மேலே சென்றால் கால் கண்ணின்றி நடக்கும். ஏரிக்கரைகளில் ஆட்காட்டி வெறுந்தரையில் கற்களின் நிறத்திலேயே முட்டையிடுகிறது என்பதை நினைக்க.

2. கூட்டைக் கண்டால் நில்லாது கடந்து செல்க. தொடுதலும் இலை விலக்குதலும் படம் எடுத்தலும் கூடா. அவ்விடத்தைப் பிறர்க்குப் பரப்பவும் வேண்டா.

3. பறவை கத்திக்கொண்டு இங்குமங்கும் தாவுமாயின் அது நம்மை வரவேற்கவில்லை. உடனே பின்வாங்குக.

4. கைப்பேசியில் பதிந்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை அழைத்தல் வேண்டா. தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்ததாக எண்ணி, இரை தேடும் பொழுதை அது சண்டையிற் கழிக்கும்.

5. ஒரு பறவை ஒளிந்துகொண்டால் அது ஒளிந்துகொண்டதாகவே இருக்கட்டும். பட்டியல் நீள்வதற்காகப் புதரை அசைத்தல் கூடாது.

தில்லிச் செங்கோட்டைக்கு எதிரிலுள்ள திகம்பரர் செங்கோயில் வளாகத்தில் காயமுற்ற பறவைகளுக்கு மருத்துவமனை நடத்தப்படுவதை நம்மவர் பலர் கண்டு பெருமிதம் கொண்டிருப்பர். காயத்தை ஆற்றுதல் பேரறம். காயம் நேராமற் காத்தல் அதற்கும் முற்பட்ட அறம். அதற்கு மருத்துவமனை வேண்டா, ஓரடி பின்வாங்கினாற் போதும்.

எண்ணி எழுதுவதன் பயன்

நாள், நேரம், வானிலை, பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வைக்க. உறுதியில்லாததை உறுதியில்லை என்றே எழுதுக. இவ்வாறு எளிய மக்கள் எழுதி இணையத்தில் ஒப்படைத்த குறிப்புகளை ஆராய்ந்தே, 2023இல் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் அறிக்கை வெளியாயிற்று. ஏறத்தாழ 30,000 பேர் தந்த குறிப்புகளைக் கொண்டு 942 வகைப் பறவைகள் ஆராயப்பட்டன. 178 வகைகள் உயர் முன்னுரிமையுடன் காக்கப்பட வேண்டியவை என அறியப்பட்டது. நம் ஊர்க் கம்பிகளில் நீலச் சிறகு விரித்துப் பறக்கும் பனங்காடை குறைந்து வருகிறது. குயிலும் மயிலும் மாடப்புறாவும் பெருகி வருகின்றன. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பொங்கலுக்குச் சொந்த ஊர் செல்லும் குடும்பங்கள், ஏரிக்கரையில் கால்மணி நேரம் நின்று எண்ணினாலும் அதிற் பங்குகொள்ளலாம்.

தானியமா, மரமா?

நம் குடும்பங்களில் பறவைக்குத் தானியம் இடும் வழக்கம் உண்டு. அதன் பின்னுள்ள கருணையை வணங்குகிறோம். ஆயினும் நடந்து கண்ட ஓர் உண்மையைக் கூற வேண்டும். நகரில் நாம் தூவும் தானியத்தை உண்பவை பெரும்பாலும் மாடப்புறாக்களே. அவையோ முன்னரே பெருகி வருவன. குக்குறுவானுக்கு ஆலம்பழமும் அத்திப்பழமும் வேண்டும். தேன்சிட்டுக்குப் பூ வேண்டும். தையல்சிட்டுக்குப் பூச்சியும் அகன்ற இலையும் வேண்டும். இவற்றைக் கையால் தூவ இயலாது. நட்டு வளர்க்கவே இயலும். ஆதலின் ஒரு வேம்போ நாவலோ கல்யாண முருங்கையோ நடுதலும், கோயில் நந்தவனத்தில் ஒரு மூலையைப் புதராகவே விட்டுவைத்தலும், கோடையில் ஆழமற்ற மண்தட்டில் நாள்தோறும் மாற்றிய நீர் வைத்தலும் பல உயிர்க்கும் பொதுவான கொடையாகும்.

மீள்பார்வை

கூடு அழிந்த மறு ஆண்டு, அதே முதுவேனிற் பருவம். அச்சிறுமி அன்று வழிகாட்டும் பொறுப்பில் இருந்தாள். ஒரு திருப்பத்தில் நின்று, உதட்டில் விரல் வைத்து, “அந்தப் பக்கம் வேண்டாம், டீச்சர்” என்று மெல்லக் கூறி, குழுவை வேறு பாதையில் அழைத்துச் சென்றாள். காரணத்தை எவரும் கேட்கவில்லை, அவளும் கூறவில்லை. மூன்று வாரம் கழித்து அதே திருப்பத்தில், வால் வளராத இரண்டு தையல்சிட்டுக் குஞ்சுகள் தாயின் பின்னே தாவிக்கொண்டிருந்தன. அன்றைய குறிப்பேட்டில் அவள் எழுதியது: “தையல்சிட்டு, 3. கூடு பார்க்கவில்லை.”

பயிற்சி

1. உங்கள் தெருவில் ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் நோக்கி, வந்துசென்ற பறவைகளைப் பன்னிரண்டு வாரம் எழுதுக.

2. சிட்டுக்குருவி, மைனா, காக்கை ஆகியவற்றின் அலகுகளை வரைந்து, அவற்றின் உணவோடு பொருத்துக.

3. வீட்டிலுள்ள தாத்தா பாட்டியரிடம், அவர்கள் சிறுவயதில் ஊரில் கண்டு இப்போது காணாத பறவை எது எனக் கேட்டு, அதன் ஊர்வழக்குப் பெயரை எழுதுக.

4. “நாம் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தக் கூடு இருந்திருக்குமா?” இவ்வினாவைக் குடும்பத்தோடு அமர்ந்து உரையாடுக. விடை எழுத வேண்டா.